முட்டிய பசுவும் வெட்டுண்ட காலும்

சேய்ஞலூரில் ஒரு பசு, தன்னை ஓட்டிப் போனவனை முட்டப் பாய்ந்தது. கன்று ஈன்று அதிக நாளாகாத பசு. ஓட்டிப் போனவன் கொஞ்சமும் யோசிக்காமல் கையிலிருந்த கோலால் அதை அடித்தான். உடன் வந்த விசாரசருமன் என்ற அந்தணச் சிறுவனுக்கு அது பொறுக்கவில்லை. அவனைத் தடுத்து நிறுத்தி, ஊர் மாடுகளை மேய்க்கும் பொறுப்பைத் தானே வாங்கிக்கொண்டான். 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய பெரியபுராணத்தில் சண்டேசுர நாயனாரின் கதை இப்படித்தான் சூடு பிடிக்கிறது. திருநெல்வேலி நெல்லையப்பர் கோவிலுக்குப் போகிறவர்கள் சுற்றி வந்து, கடைசியில் சண்டிகேசுவரராகிவிட்ட அந்தச் சிறுவன் முன் நின்று மெல்லக் கை தட்டிவிட்டுத்தான் வெளியே வருகிறார்கள். அவர் அங்கே உட்கார்ந்திருப்பதற்குத் தொடக்கக் காரணம், ஒரு மாட்டை அடிக்கலாமா கூடாதா என்ற சச்சரவு. அதை நினைத்துக் கை தட்டுகிறவர்கள் குறைவு. எனக்கு அந்தச் சச்சரவுதான் முக்கியமாகப் படுகிறது. முட்டுகிற பசுவும், உதைக்கிற கிடாரியும், மண்ணைத் தின்கிற கன்றும் குற்றம் செய்கின்றனவா? குற்றம் இல்லையென்றால், அவற்றின் மேல் விழும் அடிக்கு என்ன பெயர்?

நம்மிடம் இதற்குத் தயாராக இரண்டு பழமொழிகள் உண்டு. ‘இளங்கன்று பயமறியாது’ என்பது ஒன்று, ‘அடியாத மாடு படியாது’ என்பது மற்றொன்று. இரண்டையும் மனிதர்களைப் பற்றிப் பேசத்தான் அதிகம் எடுக்கிறோம் என்றாலும், மாட்டைப் பற்றிய ஒரு கணிப்பு அவற்றுக்குள் இருக்கிறது. கன்றுக்குப் பயம் கிடையாது, ஆகவே பயத்தைப் புகட்ட வேண்டும், புகட்டினால் படியும் என்பது அந்தக் கணிப்பு. முதல் பாதியே பிசகு. கன்றைப் போலப் பயந்த பிராணி தொழுவில் வேறில்லை. கொடியில் ஆடும் துண்டு, திடீரென்று விரியும் குடை, தரையில் விழும் நிழல், காற்றில் பறந்து வரும் பிளாஸ்டிக் பை என எதைக் கண்டாலும் அது துள்ளும். மாட்டின் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் அது ஏறக்குறைய 330 பாகை அளவுக்குச் சுற்றிலும் பார்க்கிறது. நேர் பின்னால் மட்டும் அதற்குத் தெரியாது. அந்தத் தெரியாத இடத்திலிருந்துதான் பெரும்பாலும் நாம் வாலை முறுக்குகிறோம், தார்க்குச்சியால் குத்துகிறோம். துள்ளி ஓடுகிற கன்றைத் துணிந்த கன்று என்று நினைப்பது, அலறுகிறவனைப் பாடுகிறான் என்று நினைப்பது போலத்தான்.

அந்தக் கணிப்பின் மறுபாதியையும் பார்ப்போம். தாமிரபரணிப் பாசனத்தில் காரும் பிசானமும் என்று இரண்டு போகம். உழவுமாடு இருந்த காலத்தில் காளைக்கன்றைப் பழக்குவது பெரிய வேலை. கட்டையை இழுக்க வைத்து, பழகின கிழட்டு மாட்டோடு ஜோடி சேர்த்து, புழுதியில் ஓட்டிப் பார்த்துவிட்டு, பிறகே தொளி உழவுக்கு இறக்குவார்கள். புதிய மாட்டுக்கு உண்மையான ஆசிரியர் நுகத்தின் மறுபக்கம் நடந்த பழைய மாடு. பக்கத்தில் நடப்பது நின்றால் நிற்பது, திரும்பினால் திரும்புவது என்றே அது கற்றுக்கொண்டது. கையில் குச்சி இருந்ததால் கற்றது குச்சியால்தான் என்று நாம் கணக்கு எழுதிக்கொண்டோம். இப்போது டிராக்டர் வந்துவிட்டது. காளைக்கன்று பிறந்த சில மாதங்களிலேயே கைமாறிப் போகிறது. தொழுவில் மிஞ்சியிருப்பவை கறவைகளும் கிடாரிகளும் பால்குடிக் கன்றுகளும். குச்சி மட்டும் பழைய இடத்திலேயே, கூரைச் செருகலில் இருக்கிறது.

அந்தக் குச்சி எதற்கெல்லாம் எடுக்கப்படுகிறது என்று பார்த்தால் விஷயம் விளங்கும். கன்று மண் தின்கிறது. அடித்து இழுத்து, வாய்க்கூடு மாட்டிவிடுகிறோம். ஆனால் மண் தின்னும் கன்றின் வயிற்றில் பெரும்பாலும் புழு இருக்கும், அல்லது உடம்பில் உப்பும் தாதுச்சத்தும் குறைந்திருக்கும். எந்தக் கால்நடை மருத்துவரிடம் போனாலும் முதலில் பூச்சி மருந்தையும் தாது உப்பையும் பற்றித்தான் பேசுவார். ஒரு கன்று பக்கத்துக் கன்றின் தொப்புளையோ காதையோ சப்பிக்கொண்டே இருக்கிறது. கெட்ட பழக்கம் என்று கன்னத்தில் அறைகிறோம். வாளியில் ஊற்றிய பாலை அது ஒரே மூச்சில் குடித்து முடித்திருக்கும். பாலின் ருசி நாக்கில் பட்டதும் சப்புகிற வேட்கை கிளம்பி, பத்து நிமிடம் போல நின்றுதான் தணியும் என்று கன்றுகளை ஆராய்ந்தவர்கள் கண்டிருக்கிறார்கள். தாய் மடியில் விட்டிருந்தால் அந்த நேரம் மடியிலேயே கழிந்திருக்கும். மடி இல்லை, காது இருக்கிறது. தலையீற்றுக் கிடாரி கறக்கும்போது உதைக்கிறது. காலைக் கட்டி விலாவில் நாலு வைக்கிறோம். அதன் மடி வீங்கித் தொட்டாலே நோகும் நாள்கள் அவை. பயந்த மாட்டின் உடம்பில் அட்ரினலின் சுரந்து, பாலை இறக்கும் ஆக்ஸிடோசினைத் தடுத்துவிடும். மாடு பாலை அடக்கிக்கொள்ளும். தன்னை அடித்தவர் இன்னார் என்று மாடு ஆளை அடையாளம் வைத்துக்கொள்வதும், அவர் பக்கத்தில் நின்றாலே மடியில் பால் தங்கிவிடுவதும் சோதனைகளில் தெரிந்த சங்கதிகள். இத்தனையிலும் ‘குணம்’ என்று நாம் சொல்வது ஒரு குறையின் அறிகுறி, அல்லது ஒரு வலியின் பதில். சேய்ஞலூர்ப் பசுவும் அப்படித்தான். கன்று ஈன்ற தாய், கிட்ட வருகிறவனை முட்டாமல் வேறென்ன செய்யும்?

முட்டுகிற காளைக்கன்றின் கதை இன்னும் கூர்மையானது. பிறந்த சில வாரத்துக் கன்றின் நெற்றியில் பிள்ளைகள் உள்ளங்கையை வைத்துத் தள்ளுவார்கள். அது தலையைத் தாழ்த்தித் திரும்பத் தள்ளும். பார்க்க அழகாக இருக்கும், வீட்டில் எல்லோரும் சிரிப்பார்கள். கன்றுக்கு அது விளையாட்டும் பாடமும். இரண்டு கால் பிராணி ஒன்று இருக்கிறது, அதோடு நெற்றியால் பலம் பார்க்கலாம் என்று அது கற்றுக்கொள்கிறது. ஒன்றரை வருடம் கழித்து, 200 கிலோ உடம்போடு அதே பாடத்தை ஒப்பிக்கிறது. அன்றைக்குச் சிரித்த வீடு இன்றைக்குக் குச்சி எடுக்கிறது. மற்றக் கன்றுகளோடு சேர்த்து வளர்க்காமல், தனியே அடைத்துப் புட்டிப்பால் கொடுத்து மனிதர் வளர்த்த காளைகள்தான் மனிதர்மேல் அதிகம் பாய்கின்றன என்று 1990-இல் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. தாயும் கூட்டமும் கற்பிக்க வேண்டியதை நாம் கற்பிக்கப் போய், நம்மையே அதற்கு இன்னொரு மாடாக்கி வைத்துவிட்டோம்.

எல்லாம் நம் வளர்ப்பு என்று சொல்லிவிட முடியுமா, பிறவிக் குணம் இல்லையா என்று கேட்கலாம். சந்தையில் மாடு பிடிப்பவர்கள் பல்லைப் பார்ப்பதற்கு முன்பே சுழியைப் பார்ப்பார்கள். அந்தச் சுழி குடும்பத்துக்கு ஆகாது, இந்தச் சுழி முரடு என்று சொல்வது உண்டு. குடும்பத்துக்கு ஆகுமா என்பதை விடுங்கள். கண்மட்டத்துக்கு மேலே நெற்றிச் சுழி உள்ள மாடுகள் கட்டி நிறுத்தும்போது கூடுதலாகத் திமிறுகின்றன என்று கால்நடை ஆய்வாளர் டெம்பிள் கிராண்டினும் உடன் ஆய்ந்தவர்களும் 1995-இல் எழுதினார்கள். ஆக, சுழி பார்த்தவர்கள் முழுக்கப் பொய் சொல்லவில்லை. ஆனால் இது அடிக்கிறவர் பக்கத்துச் சாட்சி ஆகாது. கருவிலேயே எழுதப்பட்ட பதற்றத்துக்கு அந்த மாடு எப்படிப் பொறுப்பாகும்? வளர்ப்பு காரணம் என்றால் குற்றம் வளர்த்தவருடையது. பிறவி காரணம் என்றால் குற்றம் யாருடையதும் இல்லை. இரண்டு வழியில் போனாலும் அது மாட்டிடம் வந்து சேரவில்லை. நம் சட்டங்களுக்கு இது தெரிந்திருக்கிறது. 1871-ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டப்படி, பயிரில் இறங்கிய மாட்டைப் பவுண்டு என்ற பட்டியில் அடைப்பார்கள். பணம் கட்டி மீட்பது உடையவர். திருவாரூர் மனுநீதிச் சோழன் கதையில் கன்றுதான் துள்ளி வந்து தேர்க்காலில் விழுந்தது. அந்தக் கன்றுக்கு நீதி வேண்டும் என்று தன் மகனையே தேர்க்காலில் இட்டான் மன்னன். கன்றின்மேல் பிழை என்று அவன் சொல்லவில்லை.

ஆனால் விசாரசருமன் சொன்ன காரணம் இது அல்லவே என்று பெரியபுராணம் படித்தவர்கள் இடைமறிப்பார்கள். உண்மைதான். ஆயனிடம் அவன் எடுத்துச் சொல்வது பசுவின் புனிதத்தை; பசு தருபவை சிவபூசைக்கு உரியவை என்பதை. அது வலுக்குறைந்த காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. புனிதம் என்ற வேலி பசுவை மட்டும் காக்கும். எருமைக் கடாக்கன்றும், கன்னியாட்டுக் குட்டியும், கொடியாட்டுக் கிடாவும் வேலிக்கு வெளியே நிற்கின்றன. சொல்லப்போனால் பால் தராத காளைக்கன்றே வெளியேதான் நிற்கிறது. தொழுவத்தில் கோமாதா படத்துக்குப் பூ வைத்துவிட்டு, அடுத்த முளையில் கட்டிய எருமைக்கன்றை விளாசுகிறவரிடம் முரண்பாடே கிடையாது. அவருடைய காரணம் அத்தோடு முடிந்துபோகிறது. இதைவிட வலுவான காரணம் சிறுவனின் பேச்சில் இல்லை. சேக்கிழார் கதையைக் கட்டிய விதத்தில் இருக்கிறது.

கதையில் மூன்று கோல்கள் வருகின்றன. முதலாவது ஆயன் பசுவை அடித்த கோல். சிறுவன் மேய்க்கத் தொடங்கிய பிறகு மாடுகள் முன்னிலும் செழித்துப் பால் பெருக்குகின்றன. மண்ணியாற்று மணலில் இலிங்கம் அமைத்து அவன் பால் ஆட்டுகிறான். ஊரில் புகார் கிளம்பி, தந்தை எச்சதத்தன் மரத்தில் ஏறி ஒளிந்து பார்த்து, இறங்கி ஓடி வந்து மகன் முதுகில் தடியால் அடிக்கிறார். இது இரண்டாவது கோல். பூசையில் ஒன்றியிருந்த பிள்ளைக்கு அந்த அடி தெரியவே இல்லை. ஆத்திரம் ஏறிப் பாற்குடத்தைக் காலால் இடறுகிறார். சிறுவன் முன்னே கிடந்த கோலை எடுக்க, அது மழுவாகித் தந்தையின் கால்களை வெட்டுகிறது. மாட்டின்மேல் ஒரு குச்சி விழுவதைத் தாங்காத பிள்ளை பெற்ற தகப்பன் காலை வெட்டுகிறானே, இதென்ன கருணை என்று கேட்காதவர் கிடையாது. எனக்கும் அந்த வெட்டு உறுத்தத்தான் செய்கிறது. ஆனாலும் கேள்விக்குப் பதில் அங்கேயே இருக்கிறது. முதல் கோல், தவறு செய்யவே இயலாத பிராணிமேல் விழுந்தது. இரண்டாவது, தவறு செய்யாதவன்மேல் விழுந்தது. மூன்றாவது மட்டுமே, பூசை இன்னதென்று அறிந்திருந்தும் காலை நீட்டியவர்மேல் விழுந்தது. தண்டனையே கூடாது என்று இந்த மரபு சொல்லவில்லை. அறிந்து செய்தவருக்குத்தான் தண்டனை என்கிறது. அந்தத் தண்டனையும் எச்சதத்தனைக் கெடுக்கவில்லை, பிழை நீங்கி அவர் சிவலோகம் சேர்ந்தார் என்றுதான் கதை முடிகிறது. அடி அருளாக வேண்டுமானால், அடிபடுகிறவருக்கு எதற்காக என்று விளங்க வேண்டும்.

இங்கேதான் கனமான மறுப்பு வருகிறது. சைவ சித்தாந்தத்தில் மறக்கருணை என்று ஒன்று உண்டு. பெற்ற பிள்ளை சொல்வழி வராவிட்டால் தாயும் தந்தையும் அதட்டுவார்கள், வளாரால் அடிப்பார்கள், கட்டியும் போடுவார்கள், யோசித்துப் பார்த்தால் எல்லாம் அன்புதான், இறைவனின் கோபமும் அப்படிப்பட்டதே என்று அருள்நந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரில் சொல்கிறார். அப்படியானால் கன்றை நல்வழிப்படுத்தும் அடியும் மறக்கருணைதானே? இந்த உவமையை மாட்டுத்தொழுவுக்கு எடுத்துவருகிறவர்கள் அதன் முதல் நிபந்தனையை வாசலிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள். பிள்ளைக்கு முதலில் சொல்லப்பட்டது, பிள்ளைக்குச் சொல் விளங்கும், விளங்கியும் வரவில்லை. கன்றிடம் யார் எதைச் சொன்னார்கள்? காலையில் செடியைக் கடித்ததற்கு மாலையில் அடித்தால், அந்த அடியைச் செடியோடு அது சேர்க்காது, அடித்த ஆளோடுதான் சேர்க்கும். இன்னொன்றும் உண்டு. இறைவன் விருப்பு வெறுப்பு இல்லாதவன் என்பதால்தான் அவன் சினம் அருள் எனப்படுகிறது. கால் மிதிபட்ட வலியில், சிந்திய பாலின் கணக்கில் ஓங்கும் கை எந்த வகையிலும் அந்தத் தகுதி பெறாது. நாம் இறைவனின் இடத்தில் நின்று அடிப்பதாக நினைப்பது வேடிக்கை. சித்தாந்தத்தின் மொழியில் நமக்குப் பெயரே பசு.

விலங்குப் பிறவியே வினைப்பயன், அடிபடுவதும் அதன் ஊழ் என்று சிலர் ஆறுதல் தேடுவார்கள். அது சித்தாந்தத்தைப் பாதியில் நிறுத்திப் படிப்பது. பட்டுத் தீர்க்க வேண்டிய பிராரத்தம் மாட்டினுடையது என்றே வைத்துக்கொள்வோம். அதை ஊட்டுகிற பொறுப்பு இறைவனுடையது. நான் ஓங்கி அடித்தது எனக்கு ஆகாமியம், புதிதாக நான் சேர்த்துக்கொண்ட வினை. ஊழின் கூலியாளாக யாரும் நம்மை அமர்த்தவில்லை.

எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒரு கேள்வி வரும்: குற்றமே இல்லை என்றால் கயிறு மட்டும் எதற்கு? மூக்கில் துளையிட்டுக் கயிறு கோப்பது அடியைவிடச் சிறிய கொடுமையா? இதைத் தட்டிக்கழிக்க முடியாது. மூக்குத் தசையில் ஊசி ஏறும்போது கன்று கண்ணை உருட்டுவதைப் பார்த்தவர்கள் அது வலியில்லை என்று சொல்ல மாட்டார்கள். தலைக்கயிறும் முகக்கயிறும் போதும் என்றால் அதுவே நல்லது என்பேன். ஆனால் கயிறே வேண்டாம் என்பதற்கு நெல்லைப் பக்கத்தில் ஒரு நல்ல சோதனை ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது: சுடலைமாடனுக்கு நேர்ந்துவிட்ட கிடா. அதை யாரும் கட்டுவதில்லை, விரட்டுவதில்லை, வீட்டுக்கு வீடு தீனி கிடைக்கும். கொடைத் திருவிழா வருவதற்குள் அது தெருவில் போகிற பிள்ளைகளையும் கிழவிகளையும் முட்டித் தள்ளுகிற கிடாவாகி நிற்கும். அதன்மேலும் பிழையில்லை. எல்லை காட்ட ஆள் இல்லாமல் வளர்ந்தது. கயிறு இல்லாத மாடு சாலைக்குப் போகிறது, பயிருக்குப் போகிறது, முட்டும் மாடு என்று பேர் வாங்கிக் கடைசியில் அடிமாட்டு வண்டி ஏறுகிறது. அடிக்கும் கயிற்றுக்கும் உள்ள வேறுபாடு எனக்கு இப்படித் தெரிகிறது: அடி நடந்து முடிந்ததற்குப் பழி வாங்குகிறது; கயிறு நடக்கப்போவதைத் தடுக்கிறது. 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம் கொடுமைகளைப் பட்டியலிடும்போது அடிப்பதைத்தான் முதலில் வைக்கிறது. விதிப்படி மூக்கணாங்கயிறு போடுவதை விலக்குகளில் சேர்க்கிறது. சட்டம் எழுதியவர்கள் சித்தாந்தம் படித்திருக்க மாட்டார்கள். ஆனாலும் கோடு கிட்டத்தட்ட அதே இடத்தில் விழுந்திருக்கிறது.

சித்தாந்தத்தில் உயிர் பசு, கட்டு பாசம், உடையவன் பதி. மெய்கண்டாரின் பன்னிரண்டு சூத்திரங்களான சிவஞானபோதத்துக்கு மாபாடியம் என்ற உரை எழுதிய சிவஞான முனிவர் தாமிரபரணிக் கரைக்காரர். பாபநாசத்தை ஒட்டிய விக்கிரமசிங்கபுரத்தில் பிறந்து, திருவாவடுதுறை ஆதீனத்தில் சேர்ந்து, 1785-இல் மறைந்தவர். இந்தத் தத்துவம் பாசத்தைப் பற்றிச் சொல்வதில் ஒரு நுட்பம் உண்டு. உயிரைக் கட்டும் மலங்களை எண்ணும்போது இறைவனுடைய திரோதான சத்தியையும் மலம் என்றே ஒரு கணக்கில் சேர்க்கிறார்கள். அது உண்மையில் அருள்தான். உயிர் பக்குவப்படும் வரை மறைந்து நின்று, மலத்தின் வழியே நடத்துவதால் அதற்கும் மலம் என்ற பெயர். பக்குவம் வந்த அன்று அதே சத்தி அருட்சத்தியாக முகம் காட்டும். கயிறும் அருளாக முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியவில்லை. ஆனால் நிபந்தனை பக்குவம். அதற்குக் காலம் பிடிக்கும். மலபரிபாகம் எனும் அந்தப் பக்குவத்தை அடித்து வரவழைக்க முடியும் என்று எந்த ஆசிரியரும் எழுதவில்லை. தமிழில் ‘படிதல்’ வேறு, ‘பழகுதல்’ வேறு. அடித்த மாடு படியும், குச்சி கண்ணில் படும் வரை. பழகிய மாடு, குச்சி இல்லாத நாளிலும் தொழுவுக்குத் தானே திரும்பும்.

குச்சியையே தூக்கி எறியச் சொல்லவில்லை. வெருவந்தசெய்யாமை அதிகாரத்தில் வள்ளுவர் அரசனுக்குச் சொல்லும் யோசனை, ஓங்கும்போது கடுமையைக் காட்டி விழும்போது மெதுவாக விழச் செய் என்பது. மாட்டிடம் ஓங்கக்கூடத் தேவையில்லை. பக்கவாட்டில் நின்று கோலை நீட்டினாலே அந்த அகன்ற பார்வையில் அது பட்டுவிடும். தோளுக்குப் பின்னால் ஓர் அடி எடுத்து வைத்தால் மாடு முன்னே நகரும், தோளுக்கு முன்னால் வந்தால் நிற்கும். கோல் என்பது நீண்ட கை, அவ்வளவே. இதற்குப் பொறுமை வேண்டும், விடியற்காலை பால்காரர் சைக்கிள் மணி அடிக்கும் நேரத்தில் பொறுமைக்கு இடமில்லை என்பார்கள். நியாயமான பதில்தான். ஆனால் அது நேரமின்மைக்குச் சொல்லும் காரணம். மாட்டின் குணத்துக்கு அதைக் காரணமாக எழுத வேண்டாம்.

வீட்டில் காளைக்கன்று இருந்தால், இன்றைக்கே ஒன்று செய்யுங்கள். பிள்ளைகள் அதன் நெற்றியில் கை வைத்துத் தள்ளி விளையாடுவதை நிறுத்துங்கள். தாடைக்கு அடியிலோ கழுத்துத் தொங்கலிலோ சொறிந்துவிடச் சொல்லுங்கள். கன்று தலையைத் தாழ்த்தாது, நிமிர்த்திக் கொடுக்கும்.